மே மாதத்தில் நிற்கவேண்டிய கம்ப்யூட்டர்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை டிக்கோயாவில், பொன்னையா வீட்டின் முன்னறையில் இருந்தவர்கள் நான்கு பேர். தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்ற பொன்னையா, அவர் மனைவி பேச்சியம்மா, மகள் வினோதா, வலப்பனையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திறங்கிய சம்பந்தி கந்தப்பன். மாப்பிள்ளை திலக்‌ஷன் கொழும்பில் வேலை இருப்பதாகச் சொல்லி வரவில்லை.

கல்யாணத்துக்குப் பத்தே நாள் இருந்தது. கந்தப்பன் டீயைத் தொடவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பொன்னையாவிடம் மட்டும் நீட்டினார்.

கையெழுத்தில்லாத கடிதம், கம்ப்யூட்டரில் அடித்தது. ‘உங்கள் வீட்டுக்கு வரப்போகும் வினோதாவுக்கு ஹட்டனில் ஓர் ஆள் இருக்கிறது. கல்யாணத்தை நிறுத்திவிடுங்கள்.’ அவ்வளவுதான்.

“தபால்ல வந்து நாலு நாளாச்சுங்க கிளாக்கரய்யா. அதுக்குள்ள எங்க பக்கம் லயத்துக்கு லயம், வீட்டுக்கு வீடு இதே பேச்சு. மானமுள்ள குடும்பம்னு நம்பித்தான் பொண்ணு கேட்டோம்.”

நேற்றுவரை சம்பந்தி, இன்று கிளாக்கரய்யா. பொன்னையாவுக்கு அது சுருக்கென்று தைத்தது. முப்பத்தொரு வருடம் தோட்டத்து ஆபீசில் துரைமார் முன்னால்கூட நிமிர்ந்தே நின்றவர். இப்போது தலை குனிந்து தாளையே பார்த்தார்.

தாளின் அடியில் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். 24.01.2007.

“சம்பந்தி, இதைப் பாருங்க!” அவர் தாளைத் திருப்பி நீட்டினார். “ஜனவரி மாசம் அடிச்சது. எங்க புள்ள ஜாதகம் உங்க கைக்கு வந்ததே மே மாசம். உங்க பேரு, மாப்பிள்ள பேரு ஒண்ணாவது இதுல இருக்கா? அவளுக்கு எந்த எடம் வந்தாலும் கலைக்கணும்னு எவனோ பொறாமைக்காரன் முன்கூட்டியே அடிச்சு வச்சிருக்கான்!”

கந்தப்பன் தாளை வாங்கிப் பார்த்தார். நெற்றிச் சுருக்கம் கொஞ்சம் தளர்ந்தது. “தேதியை அவனே எழுதியிருக்கலாமே?”

“அது எழுதறது இல்லீங்க. கம்ப்யூட்டர் தானா போடும், பொய் சொல்லாது. இங்கயே அடிச்சுக் காட்டச் சொல்றேன்.” பொன்னையா மூலையில் துணி போர்த்தியிருந்த கம்ப்யூட்டரைக் காட்டினார். அந்த அவதியிலும் அவருக்குப் பெருமை விட்டுப்போகவில்லை. “இதுல இருக்கற சிஸ்டம் லேசுப்பட்டதில்ல. கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே, சரியா ஓடுதான்னு பாக்க கம்பெனிக்காரன் விட்டது. என் தங்கச்சி மகன் கொழும்புலருந்து கொண்டாந்து போட்டான். மே மாசத்தோட தானா நின்னுரும்னாங்க. ஆகஸ்டு ஆச்சு, நம்ம வீட்டுல நிக்கல! பொண்ணு பாக்க வந்தன்னைக்கு நாம உள்ள சாப்புட்டுக்கிட்டு இருக்கயில, மாப்பிள்ளையே ஒரு மணி நேரம் உக்காந்து தட்டிப் பாத்து அசந்துட்டாரே.”

“அப்பா, வேணாம்ப்பா,” என்றாள் வினோதா.

“என்ன வேணாம்? அடிச்சுக் காட்டு புள்ள. நம்ம மானம் அதுலதான் இருக்கு.”

அவள் தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள். ‘வணக்கம்’ என்று ஒரே சொல்லை அடித்தாள். பிரிண்டர் இரைந்து தாளைத் தள்ளியது. கந்தப்பன்தான் அதை முதலில் எடுத்தார். அடியில் 19.03.2007 என்றிருந்தது.

சுவர்க் காலண்டரில் ஆகஸ்டு பத்தொன்பது.

“என்னங்க இது?”

வினோதா தரையைப் பார்த்தபடி சொன்னாள். “நாள் முடிஞ்சா இந்த சிஸ்டம் ஓடாது. அப்பா ஆசையா எல்லார்கிட்டயும் காட்டுறாரேன்னு, ஜூன் பொறந்ததும் நான்தான் கம்ப்யூட்டர் தேதியைப் பின்னுக்கு இழுத்து வச்சேன். சரியா அஞ்சு மாசம்.”

கந்தப்பன் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தார். அதே எழுத்து. அடியில் அதே இடத்தில் பொடித் தேதி.

“தப்புத் தேதி போடற கம்ப்யூட்டர் இதுதான். அப்ப இந்தக் கடுதாசி வேற எங்கயும் அடிச்சதில்ல. இந்த வீட்டுலதான்.” அவர் எழுந்தார். “பொண்ணு அவ வாயால சொல்ல முடியாததைத் தாள்ல சொல்லியிருக்கு. நான் வர்றேங்க.”

“அடிப் பாவி, என் தலையில மண்ணள்ளிப் போட்டுட்டியே!” என்று பேச்சியம்மா வாயில் அடித்துக்கொண்டாள். பொன்னையா எழுந்துபோய் வாசற்படியை மறித்தார். துரைமாரைக் கும்பிடாத கைகள், கந்தப்பனைக் கும்பிட எழுந்தன.

வினோதா சட்டென்று அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினாள். “கும்பிடாதீங்கப்பா.”

மேசையிலிருந்த கடிதத்தை அப்போதுதான் அவள் முதன்முதலாக எடுத்துப் படித்தாள். விரல் விட்டு எண்ணினாள்.

“ஜனவரி இருவத்தி நாலு. அஞ்சு மாசத்தைக் கூட்டுங்க மாமா.”

“ஜூன் இருவத்தி நாலு,” என்ற கந்தப்பன் செருப்பில் நுழைத்த காலை அப்படியே நிறுத்தினார். “அன்னைக்கு நாங்க பொண்ணு பாக்கத்தானே வந்திருந்தோம்?”

“ஆமாங்க. நானும் அம்மாவும் அடுப்படியில நின்னோம். அப்பா உங்க பக்கத்துல உக்காந்து சாப்புட்டாரு. இந்த நாற்காலியில யாரு ஒரு மணி நேரம் இருந்தாங்கன்னு அப்பாவே இப்பத்தானே சொன்னாரு.”

கந்தப்பன் செருப்பை உதறிவிட்டு அந்த நாற்காலியருகே வந்தார். “பொண்ணுக்கு ஆள் இருக்குன்னு ஊரே பேசுதேம்மா?”

“ஆள் இருக்கறது எனக்கில்லீங்க மாமா. உங்க மகனுக்கு.”