மூன்றாவது வரைபடம்

“திங்கட்கிழமை காலைல பத்து மணிக்கு நாங்க அங்க இருந்தாகணும். அதுக்கேத்த மேப்பா குடுங்க” என்றார் கணவர்.

கடைக்காரப் பெண் ஸ்டூலில் ஏறி மேல் அடுக்கிலிருந்து இரண்டை எடுத்துத் தூசி தட்டினாள். “போனே வழி சொல்லுதே சார். இப்பல்லாம் யாரு இதை வாங்குறா?”

“மலை ஏறினா போன் ஊமையாயிடும். போன தடவை அதுதான் பாதி வழியில விட்டுடுச்சு.”

“விட்டது போன் இல்ல, இவரு” என்றாள் மனைவி. “வலது பக்கம் திரும்புங்கன்னு நான் தொண்டை கிழியக் கத்துறேன். இவரு இடது பக்கம் திரும்பிட்டு, போர்டைத் தப்பா வச்சிருக்கான்கிறாரு.”

“தப்பாத்தான் வச்சிருந்தான்.”

“போய்ச் சேர்றதுக்குள்ள மதியம் ஆயிடுச்சும்மா. வேற தேதி குடுத்து அனுப்பிட்டாங்க. இந்தத் தடவையும் ரெண்டு பேரும் வரலன்னா மொத்தத்தையும் ரத்து பண்ணிடுவாங்களாம்.”

“அய்யய்யோ. கல்யாண விஷயமா அக்கா?”

“கல்யாண விஷயந்தான்.”

கணவர் நில அளவைத் துறையில் வேலை பார்ப்பவர். வரைபடத்தை அவர் படிப்பதில்லை, விசாரிப்பார். முதலாவதை மேசையில் விரித்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு நூலை எடுத்தார். மனைவி, சொல்லாமலே, அதன் ஒரு முனையைப் புறப்படும் ஊரின் மேல் விரலால் அழுத்திக்கொண்டாள். அவர் மலைச்சாலையின் வளைவுகளில் நூலைப் படியவைத்தபடி போனார். பிறகு நூலை நிமிர்த்தி, ஓரத்தில் அச்சிட்டிருந்த அளவுகோலோடு ஒப்பிட்டார்.

“சரியா இருக்கு” என்றார், குறை சொல்வதுபோல.

“அப்ப இதையே வாங்கிக்கங்க சார்.”

“எழுத்து பொடி. இவளுக்குக் கண்ணு தெரியாது.”

“எனக்கு நல்லாவே தெரியுது.” மனைவி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை மூக்குவரை கொண்டுபோனாள். “கொஞ்சம் பொடிதான்.”

இரண்டாவதில் எழுத்து பெரிதாக இருந்தது. பெட்ரோல் பங்குகளுக்குச் சிவப்புப் புள்ளி, தங்கும் விடுதிகளுக்கு நீலப் புள்ளி.

“சின்னக் குழந்தைகூட இதை வச்சுப் போய்ச் சேர்ந்துடும்” என்றாள் கடைக்காரப் பெண்.

“அதான் பாக்குறேன். நாளைக்குக் கிளம்பினா நாளைக்குச் சாயங்காலமே போய்ச் சேர்ந்துடுவோம். ராத்திரி முழுக்க அந்த ஊர்ல என்ன பண்றது?”

“ரூம் வேற எடுக்கணும்” என்றாள் மனைவி.

கடைக்காரப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். குனிந்து, அட்டைப் பெட்டியிலிருந்து மூன்றாவதை எடுத்தாள். “இது பழசு. திருப்பி அனுப்ப வச்சிருந்தது. இதுக்கு மேல என்கிட்ட இல்ல.”

கணவர் நூலை எடுக்கவில்லை. அவருடைய விரல் மலையிறங்கி ஓர் ஆற்றின் மேல் நின்றது.

“இங்க பாலம் போட்டிருக்கான்.”

“குறுக்கு வழியா இருக்கும் சார்.”

“இங்க பாலமே கிடையாது. பாலம் கட்டணும்னு அளந்து குடுத்தவனே நான்தான். கவர்மென்ட் கட்டல. மேப் போட்டவன் கட்டிட்டான்.”

மனைவி எட்டிப் பார்த்தாள். “இந்த வழியா போனா?”

“ஆத்தங்கரை வரைக்கும் நல்ல ரோடு. அதுக்கப்புறம் தண்ணி.”

“அப்புறம்?”

“வந்த வழியே திரும்பி, மலையைச் சுத்திப் போகணும். திங்கட்கிழமை சாயங்காலம் ஆயிடும்.”

“நல்ல வேளை, பாத்தீங்க” என்று கடைக்காரப் பெண் அதை மடிக்கப் போனாள்.

கணவர் அதன் மேல் கையை வைத்தார். “இதையே குடுங்க.”

“சார், தப்புன்னு இப்ப நீங்கதானே சொன்னீங்க? அக்கா, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க.”

மனைவி மற்ற இரண்டையும் மடிப்புக் கலையாமல் மடித்து, கடைக்காரப் பெண் பக்கம் தள்ளிவைத்தாள்.

“அப்படி அங்க என்னதான் சார் வேலை?”

“விவாகரத்து” என்றார் கணவர்.

மனைவி வரைபடத்தை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தாள். “ஏங்க, அந்த ஆத்தங்கரையில உக்கார நிழல் இருக்குமா?”