செல்லுக்குள் போகாத சேதி

திருச்செங்கோட்டுக் கல்லூரியில் நாளை எடுக்க வேண்டிய பாடத்தை மோகனப்பிரியா தன் அப்பாவிடம் ஒத்திகை பார்த்தாள். வெங்கடாசலம் மாணவர்களைவிட நன்றாகவே தலையாட்டினார்.

"'வளரு'ன்னு சொல்ல வர்ற புரதம் செல்லுக்குள்ள போகாதுங்கப்பா. வாசல்ல சேதி வாங்க நிக்கற ரெண்டு ரிசெப்டரை ஜோடி சேர்க்கும். அதுக ஒண்ணுக்கொண்ணு பாஸ்பேட்டைப் பொட்டாட்டம் வெச்சுக்கும். அப்பத்தான் சேதி உள்ள போகும்."

"வாசல்ல இருக்கறது சேதியை உள்ள சொல்லாம உட்டுட்டா?"

"யாருமே வரலைன்னு நெனச்சுட்டு செல் சும்மா கெடக்கும்."

வெங்கடாசலத்தின் தலையாட்டல் நின்றது.

"சிவபிரகாஷ் போர் போடற ரிக் லாரியிலயே வந்து உன்னையப் பொண்ணு கேட்டான் சாமி. உன்ர காதுக்கு உடாம வாசலோட அனுப்பிட்டேன்."

"எப்பங்கப்பா?"

"நேத்து அவங் கல்யாணத்துக்குப் போயிட்டு வந்து அழுதியே, அதுக்கு ரெண்டு மாசம் முந்தி."