கத்தரி வளர்த்த செடி

ஒரு வீட்டுத் தோட்டத்தில், புட்டி கழுவும் பிரஷ் போலப் பூக்கும் பாட்டில் பிரஷ் செடி ஒன்று இருந்தது. அது மொட்டு வைக்கும் நேரம் பார்த்து, தோட்டத்துக் கத்தரிக்கோல் கிளை நுனிகளையெல்லாம் வெட்டிவிடும். பிறகு, "இது பூக்காத ஜென்மம்" என்று எல்லோரிடமும் சொல்லும்.

"மொட்டு நுனியிலதானடா வருது! அதை வெட்டிட்டு என்னையே ஏசுறியா?" என்று செடி கத்தியது.

"உன் நல்லதுக்குத்தான் வெட்டுறேன். பந்து மாதிரி அழகா இருக்க வேண்டாமா?" என்றது கத்தரி.

ஒரு வருஷம் கத்தரியின் கைப்பிடி உடைந்தது. அதை மூலையில் போட்டுவிட்டார்கள். வெட்ட ஆளில்லாமல் செடி நுனிக்கு நுனி சிவப்பாகப் பூத்துத் தள்ளியது. அந்தச் சிவப்பைப் பார்த்துத் தேன்சிட்டு ஒன்று பறந்து வந்தது.

"எல்லாம் நான் வளர்த்த வளர்ப்பு" என்றது மூலையிலிருந்து கத்தரி.

"ரொம்ப நன்றி அண்ணே!" என்று தேன்சிட்டு அதன் பக்கம் திரும்பித் தலை தாழ்த்தியது.

செடி கோபத்தில் கிளையை உதறியது.

"தேன் குடிக்க வந்தியா, அவனைக் கும்பிட வந்தியா?"