களிம்புச் சீட்டு

டாக்டர் தலையை நிமிர்த்தாமலே எழுதினார். "மூலம்தாம்மா. முப்பத்திரண்டு வயசுல வேற என்ன வரப்போகுது? களிம்பு தடவு, கீரை சாப்பிடு."

சன்னாசி எந்த டாக்டரையும் நம்பாத மனுஷன். திட்ட வாயெடுத்தார். மகள் தனக்கொடி அவர் முழங்கையைப் பிடித்தாள். "நீங்க சும்மா இருங்கப்பா."

அழுகின தேங்காயைக் கொடுத்த கடைக்காரனிடம்கூட மாற்றிக் கேட்கத் தெரியாத பிள்ளை அது. அந்தப் பிள்ளை மருந்துச் சீட்டை ஒற்றை விரலால் மேசைமேல் திருப்பித் தள்ளியது.

"ரெண்டு மாசமா மலத்தோட ரத்தம் போகுது சார். வெளிக்குப் போறதும் முன்னமாதிரி இல்ல. ஒடம்பு தானா இளைக்குது. என்னைத் தொட்டுக்கூடப் பார்க்காம மூலம்னு எப்படிச் சொல்றீங்க?"

கதவோரம் காத்திருந்த ஆம்பளைகள் குனிந்துகொண்டார்கள். அவள் குனியவில்லை.

"குழாய் விட்டு உள்ள பார்க்கணும். கூச்சப்படுவியேம்மா."

"கூச்சம் கெடக்குது சார். என்னன்னு தெரியணும்."

டாக்டர் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்று எழுதினார்.

சோதனை நாளன்று நர்ஸ் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். தனக்கொடி செருப்பைக் கழற்றிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். கதவு மூடியது. சன்னாசி அவள் செருப்பை எடுத்து ஓரமாக வைத்தார். பக்கத்தில் இருந்தவரிடம், அவர் ஒன்றும் கேட்காதபோதே, நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்:

"உள்ள போறது என் மக."