கதை, வசனம், இயக்கம்: ஹம்சினி

“இன்னா மேடம், வாசலையே பாத்துக்கினு நிக்கிறீங்க? கொஞ்சம் தண்ணி குடிங்க” என்றாள் கயல்.

தி.நகரில் நாற்பது பேர் உட்காரக்கூடிய சின்ன பிரிவியூ தியேட்டர். ஞாயிற்றுக்கிழமை காலை. நாற்பத்தேழு வயதில் ஹம்சினி எடுத்த முதல் படம் இன்னும் ஐந்து நிமிடத்தில் ஓடப் போகிறது. கயல்தான் அதில் கதாநாயகி.

“நிறுத்திடலாமா கயல்? புரொஜெக்டர் ரிப்பேர்னு சொல்லிடலாம்.”

“ஐய! பத்தொம்பது நாள், சவுண்டு ரெக்கார்டிங்ல கேக்கும்னு ஃபேன்கூட போடாம வெந்து எடுத்துட்டு, இப்போ போய் பயப்படுறீங்களே! மொத நாள் ‘ஆக்‌ஷன்’னு சொல்லவே உங்களுக்கு அரை மணி நேரம் ஆச்சு. அப்பால சொன்னீங்கல்ல?”

எடுக்கலாமா வேண்டாமா என்று பயந்தே நாலு வருஷத்தைக் கடத்தியவள் ஹம்சினி. கணவர் பரத்வாஜ் எட்டு மாதம் புனேயில் வேலையாக இருந்தபோதுதான், அடையாறில் ஒரு சிநேகிதியின் ஃப்ளாட்டில் வைத்து எடுத்து முடித்தாள்.

அந்தப் பரத்வாஜ் இப்போது வாசலில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் மைசூர்பாகு கொடுத்துக்கொண்டிருந்தார்.

“வாங்கோ, வாங்கோ! என் ஆத்துக்காரி படம் எடுத்திருக்கா. மயிலாப்பூர்ல எங்க ஃப்ளாட்ஸ்ல ஒருத்தர் பாக்கியில்லாம அழைச்சுண்டு வந்துட்டேன்!”

“இன்னா தங்கமான மனுசன் மேடம்!” என்றாள் கயல். “போய் அவர் பக்கத்துல குந்துங்க. தைரியமா இருக்கும்.”

விளக்குகள் அணைந்தன.

திரையில் ஒரு கணவன். அவன் கை ஓங்குவதில்லை. குரலைக்கூட உயர்த்துவதில்லை. சாப்பிடும்போதும், விருந்தாளிகள் எதிரிலும், சிரித்துக்கொண்டே சொல்லும் சொற்களால் மனைவியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசாமடந்தை ஆக்கிவிடுகிறான். ஒருநாள் அவள் செருப்புகூட மாட்டாமல் படியிறங்கிப் போய்விடுகிறாள்.

ஹம்சினி திரையைப் பார்க்கவேயில்லை. ஒன்றே முக்கால் மணி நேரமும் பக்கத்து இருக்கையில் இருந்த பரத்வாஜின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் முடிந்ததும் கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பரத்வாஜ் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

“அவனெல்லாம் ஒரு மனுஷனா? ‘உனக்கெல்லாம் எதுக்கு நாலு பேர் எதிர்ல பேச்சு’ன்னு சிரிச்சுண்டே கேக்கறானே, அப்படியே போய் அறையணும் போல இருந்தது எனக்கு! இந்த மாதிரி வசனமெல்லாம் உனக்கு எங்கேர்ந்து கிடைச்சுது ஹம்சினி?”

ஹம்சினி அதிர்ந்துபோய் அவரையே பார்த்தாள். அந்த முகத்தில் துளி நடிப்பு இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்கிறார்.

அவள் எழுந்து நின்றாள்.

“அதுல ஒரு வரிகூட நான் எழுதலை. அத்தனையும், இருபத்திரண்டு வருஷமா நம்மாத்துல நீங்க என்கிட்ட பேசினது.”