முரணுக்கு ஓர் எடுத்துக்காட்டு

வீட்டில் நடப்பதையெல்லாம் எழுதிக்கொண்டு வரச் சொல்ல இவர்கள் யார்?

தன் ஊரான பூவத்திலிருந்து பள்ளிக்கூடம் வந்து சேரும்வரை சிவநாதனுக்குக் கோபம் ஏறிக்கொண்டேதான் இருந்தது. மகள் நித்யஸ்ரீ காலையில் சர்வ சாதாரணமாகச் சொன்னாள். முரண் என்று ஒரு பாடமாம். வீட்டில் பார்த்த முரண் ஒன்றை எழுதச் சொன்னார்களாம். இவள் அப்பாவைப் பற்றி எழுதினாளாம். டீச்சர் அப்பாவைப் பார்க்க வேண்டுமாம்.

என்ன எழுதினாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டுத்தான் தெரிய வேண்டுமா?

எல்லையோரத்துப் பிராந்திக்கடையை மூடச் சொல்லி நாளைக்குப் பேரணி. நோட்டீஸில் ‘தலைமை’ என்று அவர் பெயர்தான் கொட்டை எழுத்தில் இருக்கிறது. இந்த நேரத்தில் ஊர் சிரித்தால் வெளியே தலைகாட்ட முடியுமா?

தமிழ் டீச்சர் முத்தமிழ் எழுந்து வணக்கம் சொன்னார். பேரணிக்குத் தானும் வருவதாகச் சொல்லி நாற்காலியைக் காட்டினார். சிவநாதன் உட்காரவில்லை.

“முரண்னா என்னங்க அர்த்தம்?” என்று எடுத்த எடுப்பிலேயே எகிறினார்.

ஒன்றுக்கொன்று ஒத்தே வராதது போலிருக்கும், ஆனால் இரண்டும் உண்மையாக இருக்கும், அதுதான் முரண் என்று டீச்சர் பொறுமையாகச் சொன்னார்.

“அப்ப அதைத்தான் எழுதிட்டா. ஆமாங்க, அந்தக் கடை இருக்குறது என் இடம்தான். மச்சினன் பேர்ல வச்சிருக்கேன். கடையை மூடுன்னு கத்துறதும் நான்தான். ரெண்டும் உண்மைதான். அதுக்காகப் பெத்த பொண்ணை விட்டே வேவு பாப்பீங்களா? இதுக்கா உங்களுக்குச் சம்பளம்?”

பக்கத்து மேசைகளில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். முத்தமிழ் டீச்சர் நித்யஸ்ரீயின் நோட்டைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

‘அப்பா கோபப்பட்டால் எனக்குப் பயம். அப்பா வீட்டில் இல்லாவிட்டால் அதைவிடப் பயம்.’

இரண்டே வரி. கீழே சிவப்பு மையில் ‘மிக நன்று’.

சிவநாதன் மறுபடி படித்தார். பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் வெறும் தாள்தான். காட்டிய நாற்காலியில் இப்போது தானாகவே உட்கார்ந்தார்.

“இதை ஆண்டு மலர்ல போடலாமான்னு கேக்கத்தான் உங்களை வரச் சொன்னேங்க,” என்றார் டீச்சர். அவர் குரலிலும் இப்போது சூடு இருந்தது. “முரணுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காதுன்னுதான் நெனச்சிருந்தேன், நீங்க வந்து பேசுற வரைக்கும்.”