நிறுவனர் பாறை

மழை அரித்த செம்மண் மேடுகளுக்கு நடுவே நின்ற பாறையைக் காட்டி, "நம்ம நிறுவனரின் திருமுகம்!" என்றார் மேலாளர். சுற்றுலா வந்த ஆபீஸே கன்னத்தில் போட்டுக்கொண்டது. பதவி உயர்வுக்குக் காத்திருந்த தணிகாசலம் மச்சத்தைக்கூடக் கண்டுபிடித்துவிட்டான். அவன் மனைவி பூங்கோதைக்குப் பாறைதான் தெரிந்தது.

"தெரியுதுன்னு சொல்லித் தொலையேன்டி," என்று கிள்ளினான்.

"கல்லு சார்," என்றாள் மேலாளரிடம்.

அவர் தலையைச் சாய்க்கச் சொன்னார், ஒரு கண்ணை மூடச் சொன்னார்.

"ஒத்தைக் கண்ணுக்கும் கல்லுதான் சார்."

"முகம் தெரியும்வரை பஸ் கிளம்பாது!"

அவள் அந்தத் திருமுகத்தின் நிழலிலேயே சம்மணமிட்டுப் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள். தணிகாசலம் மேலாளரைப் பார்த்தான், பாறையைப் பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அவளருகே உட்கார்ந்தான்.

"எனக்கும் ஒரு உருண்டை வை."